எனக்குத் தெரிந்த ஒரே கிரேக்க வார்த்தை

எனக்குக் கிரேக்க மொழியில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். மெனோ. தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. அதையும் நான் எந்த வேதாகமக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஆம்பூரில், எங்கள் சபை வளாகத்துப் பந்தலில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பேசுகிறவர் மேல் அடக்கமுடியாத கோபத்தோடு கற்றுக்கொண்டேன். கோபத்தோடு கற்றது மறக்காது போலிருக்கிறது. பள்ளியில் டீச்சர் அவ்வளவு அன்பாகச் சொல்லிக்கொடுத்த அல்ஜீப்ராவில் ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை.

போன மாதம் எங்கள் சபையில் கன்வென்ஷன், அதாவது மூன்று நாள் பிரசங்கக் கூட்டம், நடந்தது. செய்தி கொடுக்க வந்தவர் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் தங்கினார். காரில் வந்தார், பேசினார், காரில் போனார். சபையில் பாதிப் பேர் கூட்டத்தை வீட்டிலிருந்தே போனில் பார்த்தார்கள். நானும் ஒரு நாள் அப்படித்தான் பார்த்தேன், வெங்காயம் உரித்துக்கொண்டே. குறையாகச் சொல்லவில்லை, வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்த மனுஷர் எங்களில் ஒருவர் வீட்டு ரசத்தைக்கூடக் குடிக்காமல் ஊர் திரும்புகிறாரே என்று மனதுக்குள் ஒரு குறுகுறுப்பு. அன்றிலிருந்து பழைய கன்வென்ஷன் ஞாபகமாகவே இருக்கிறது.

அப்போதெல்லாம் செய்தியாளர், பிரசங்கம் செய்ய வருகிறவரை அப்படித்தான் சொல்வோம், சபையார் வீட்டில்தான் தங்குவார். எந்த வீடு என்பதற்குச் சீட்டு போடுவார்கள். கூப்பிட ஆசைப்படுகிற குடும்பங்கள் பெயரை எழுதிக் காணிக்கைப் பையில் போடவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார். எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துத் 'தங்கல் வீடு'. அந்த வீட்டம்மா கன்வென்ஷன் முடியும்வரை சபைக்கே மாமியார் மாதிரி நடப்பார். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, திரும்பித் திரும்பி, "ஐயா காலைல ரெண்டே இட்லிதான் சாப்ட்டாரு, சட்னி மட்டும் ரெண்டு வாட்டி கேட்டு வாங்கினாரு" என்று பின்வரிசைக்கு அறிக்கை விடுவார். கேட்கிற பெண்களுக்கு வயிறு எரியும். அடுத்த வருஷம் பையில் சீட்டு அதிகமாகும்.

எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் அந்தப் பைக்குள் போனதே இல்லை. காரணம் அப்பா.

எங்கள் வீடு பாலாற்றுப் பக்கம், தோல் பதனிடும் டேனரிகள் வரிசையாக இருந்த தெருவில். அப்பாவுக்கு வேலை டேனரியின் ஈரப் பிரிவில். லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தோலைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடி நீக்கி, பெரிய பெரிய மர டிரம்மில் போட்டுச் சுற்றுகிற இடம் அது. அங்கே வருகிற வாசனையை நான் வர்ணிக்கப்போவதில்லை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ரயிலில் போகும்போது ஜன்னலை மூடிக்கொள்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் காய்ந்து, சாயம் ஏறி, ஷூவாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் அதைத் தூக்கி முகர்ந்து பார்த்து ஆஹா என்பார்கள். அந்த ஆஹாவுக்கு முந்தைய கட்டம் எங்கள் அப்பா.

சபையிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்று பேசுவார்கள். உள்ளே கூப்பிட்டால், "இன்னொரு நாள் வர்றோம் பிரதர்." டீ போடட்டுமா என்றால், "இப்பதான் குடிச்சோம் சிஸ்டர்." ஊரில் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சற்று முன்புதான் டீ குடிக்கிறார்கள் என்று சின்ன வயதில் நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். பக்கத்து வீட்டு பாய் குடும்பம் மட்டும் உரிமையோடு உள்ளே வந்து உட்காரும். அவருக்கும் அதே டேனரிதான். யாருக்கு யார் மூக்கைப் பொத்துவது?

அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சோப்பு கரையக் கரையக் குளிப்பார், பவுடர் போடுவார், கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். என்ன வேலை என்று புதியவர்கள் கேட்டால், "கம்பெனில" என்பார். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்பதற்குள் எழுந்துவிடுவார். அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அந்த ஜன்னல் ஓரத்தில் இப்போது வேறு யாரோ உட்காருகிறார்கள். அங்கே பார்க்காமல் பாட்டுப் பாட இன்னும் எனக்குப் பழகவில்லை.

நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம், அம்மா யாரிடமும் சொல்லாமல் அப்பா பெயரை எழுதிப் பையில் போட்டுவிட்டாள். பாஸ்டரம்மா கையை விட்டார், எடுத்தார், வாசித்தார். எங்கள் அப்பா பெயர்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"இன்னா வேலை பண்ணி வச்சிருக்க நீ? இங்க யாரு வந்து படுப்பாங்க?"

"வர்றவரு படுப்பாரு."

"மூக்கைப் புடிச்சிக்கினு ஓடினா?"

"ஓடட்டும். ஓடுறதுக்காவது உள்ள வரணும் இல்ல?"

இரண்டு நாள் அம்மா போட்ட டீயைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து ஒரு டின் சுண்ணாம்புக் கலரோடு வந்தார். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. முன் அறைக்குக் கலர் அடித்தார். வயசானவராக இருந்தால் முட்டி வலிக்கும் என்று கழிப்பறையில் உட்காரும் கோப்பை வைத்தார். பாய் வீட்டிலிருந்து ஏர்கூலரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாய், "இன்னா தோஸ்த், மாப்பிள்ளை அழைப்பா?" என்று கிண்டல் செய்தார், அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் பினாயில். காலையில் ஒரு தரம், வேலை முடிந்து வந்து ஒரு தரம், தரை, சுவர், கட்டிலின் கால் என்று ஒன்றைக்கூட விடாமல் துடைத்தார்.

விருந்தாளி படுக்கப்போகும் கட்டிலில் ஒரு சாயங்காலம் தானே படுத்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். வாலிபத்திலிருந்து அதிலேயே ஊறினவருக்கு என்ன தெரியும்? "நீ வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் இழுத்துப் பார்த்தேன். அதே தெருவில் பிறந்த மூக்கு என்னுடையது. "ஒண்ணும் தெரியலப்பா" என்றேன். அவர் நம்பிக்கையே இல்லாமல் தலையை ஆட்டினார். அந்தச் சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது, அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் இந்த ஆசை அதிகம் என்று. பெரிய மனுஷர் ஒருவர் வீட்டுக்கு வருவது அவருக்குப் பொருட்டே இல்லை. தன் வீட்டுக்குள் வருகிற ஒருவர், நேரமாகிவிட்டது என்று எழுந்து போகாமல் இருக்கவேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

கன்வென்ஷன் தொடங்குகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் சபைக் கமிட்டிச் செயலாளர் ஸ்கூட்டரில் வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எப்போதும் சலவைச் சட்டை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. செய்தியாளர் ஐயாவுக்கு ஆஸ்துமாவாம். தோல் வாசனை ஒத்துக்காதுன்னு அவரே சொல்ட்டாரு. லாட்ஜ்ல ஏசி ரூம் போட்டுட்டோம். உங்களுக்கும் சிரமம் கம்மி."

அம்மா கையில் மசாலா அரைத்த ஈரம். அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. ஸ்கூட்டர் சத்தம் போனதும் ஏர்கூலரின் ஒயரைச் சுற்றிக் கட்டினார். பாய் வீட்டில் அதைக் கொடுத்துவிட்டு, லீவு சொல்லியிருந்த வேலைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கன்வென்ஷனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. நான் அப்போது ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்தேன். நாளெல்லாம் மிஷினில் குனிந்து கழுத்து வலி வேறு. டியூப்லைட்டைச் சுற்றி ஈசல், தகரக் கொட்டகைப் பக்கம் பெரிய அண்டாவில் டீ, கிறீச்சிடும் மைக். அந்தப் பந்தலின் சாமியானாத் துணி வாசனைகூட இப்போது நினைத்தால் இனிக்கிறது. அன்றைக்கு எதுவும் இனிக்கவில்லை.

செய்தியாளர் தெற்கே ஏதோ வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் சொல்லிக்கொடுப்பவராம். ஒல்லி, கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, ஐம்பதைத் தாண்டியிருக்கும். புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்ட மொழி கிரேக்கம், அதில் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான் மூன்று நாளும் பேசப்போகிறேன் என்றார். "மெனோ. மெனோ என்றால் தங்குவது. அவ்வளவுதான். பெரிய வார்த்தை இல்லை. மழை வந்தால் சித்தப்பா வீட்டில் தங்குகிறோமே, அந்தத் தங்குவது."

என் காது சூடானது. நாங்கள் கலர் அடித்த அறை காலியாகக் கிடக்க, இந்த மனுஷர் ஏசி ரூமிலிருந்து புறப்பட்டு வந்து தங்குவதைப் பற்றிப் பேசுகிறார்.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனார். இயேசுவின் பின்னால் முதன்முதலில் நடந்த இரண்டு பேர் அவரிடம் கேட்டது பரலோகத்தைப் பற்றி இல்லை, நீர் எங்கே தங்கியிருக்கிறீர் என்பதுதான் என்றார். வந்து பாருங்கள் என்று இயேசு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைய பொழுது அங்கேயே தங்கினார்கள். "அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. தங்கினார்கள் என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவே போதும் என்று எழுதினவருக்குத் தோன்றியிருக்கிறது."

திராட்சைச் செடியும் கொடியும் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே நம் தமிழ் வேதத்தில் 'நிலைத்திருங்கள்' என்று கம்பீரமாக வரும். கேட்டதும் முதுகை நிமிர்த்தி உட்காரத் தோன்றும். அங்கேயும் கிரேக்கத்தில் இதே மெனோதான் என்றார். ஒருவர் வீட்டில் பாய் விரித்துப் படுப்பதற்கு என்ன வார்த்தையோ, கடவுளும் மனுஷனும் ஒருவரில் ஒருவர் இருப்பதற்கும் அதே வார்த்தை. அதற்கென்று தனியாக உயர்ந்த சொல் ஒன்றை அவர்கள் தேடவில்லை.

நன்றாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். மோசமாகப் பேசியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

மறுநாள் அப்பாவும் வந்தார். அம்மா என்ன சொல்லி வரவைத்தாளோ தெரியாது. கடைசி வரிசைக்கும் பின்னால், கயிறு கட்டின மூங்கில் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று செய்தியாளர், வேதத்தில் யார் யார் எந்தெந்த வீட்டில் தங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊரே வெறுத்த வரிக்காரன் சகேயுவிடம், இன்றைக்கு நான் உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசுவே வலியச் சொன்னது. பொழுது சாய்கிறது, எங்களோடு தங்கும் என்று வழிப்போக்கர்கள் அவரை வற்புறுத்தியது. ஊழியத்துக்குப் போகிறவர்கள் ஒரு வீட்டில் நுழைந்தால் அங்கேயே தங்கவேண்டும், கொடுத்ததைச் சாப்பிடவேண்டும், வீட்டுக்கு வீடு மாறக்கூடாது என்று கட்டளை கொடுத்தது. எல்லா இடத்திலும் மெனோ.

"இன்னொரு வீடு இருக்கிறது" என்றார். "யோப்பா பட்டணத்தில் இயேசுவின் சீடர் பேதுரு தங்கின வீடு. அது ஒரு தோல் பதனிடுகிறவருடைய வீடு."

பந்தலில் ஒரு சலசலப்பு. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோலில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவர்கள்தான், கணக்கு எழுதியோ, ஷூ தைத்தோ, லாரி ஓட்டியோ. ஆனால் பச்சைத் தோலில் கையை வைக்கிற ஆள் எங்கள் சபையில் அப்பா ஒருவர்தான். நாலைந்து தலைகள் திரும்பின.

"அந்தக் காலத்திலும் தோல்காரர் வீடு ஊருக்கு ஒதுக்குப்புறம்தான். கடலோரம். செத்த மிருகத்தைத் தொடுகிறவர் வீட்டுக்குள் கால் வைக்க அந்த ஜனங்கள் யோசிப்பார்கள். பேதுரு அங்கே எட்டிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போகவில்லை. அநேக நாள் தங்கினார். மெனோ."

நான் திரும்பிப் பார்த்தேன். மூங்கில் பக்கத்து நாற்காலி காலி. அப்பா பந்தலுக்கு வெளியே, தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார்.

அம்மாவும் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். இது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெருக்குழாயில் ஒரு குடத்துக்காக நாலு பேரை வாயடைத்தவள் அவள். கூட்டம் முடிந்து செய்தியாளர் டீ குடிக்க உட்கார்ந்ததும் நேராக அவர் மேஜைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தடுக்க இல்லை. அவள் விட்டுவிடுவதை நான் எடுத்துக்கொடுக்கலாம் என்றுதான்.

பாஸ்டரம்மா கள்ளம் இல்லாமல் அறிமுகம் செய்தார். "ஐயா, உங்களுக்கு முதல்ல சீட்டு விழுந்தது இவங்க வீட்லதான்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "அப்படியாம்மா? உங்க வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல்னு சொன்னாங்களே, நேத்து ராத்திரிகூட ஜெபத்துல நினைச்சுக்கிட்டேன். இப்ப எப்படி இருக்கு?"

பக்கத்தில் செயலாளர் பிஸ்கட் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டு ஆடவில்லை, ஆனால் அவர் முகத்தில் இருந்த ரத்தம் முழுவதும் எங்கோ போய்விட்டது. எங்களிடம் ஆஸ்துமா, அவரிடம் காய்ச்சல். என் வாய் திறந்தேவிட்டது. அம்மா பின்பக்கமாகக் கையைக் கொண்டுவந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

"காய்ச்சல் எறங்கிடுச்சுங்கய்யா" என்றாள். "நாளைக்கு வந்துடுங்க."

"கட்டாயம் வர்றேன்மா. காலை ஆராதனை முடிஞ்சதும் பெட்டியோட வந்திடுறேன்."

வீட்டுக்கு நடந்துவரும்போது நான் குதித்தேன். அந்த ஆளை அங்கேயே கேட்டிருக்கவேண்டும், எல்லோருக்கும் முன்னால் நாறடித்திருக்கவேண்டும் என்றேன்.

"நான் இன்னாத்துக்குப் போனேன்? அவரு மானத்தை வாங்கவா? விருந்தாளியக் கூட்டினு வரத்தான? அது ஆச்சு. வாயை மூடினு வா."

செயலாளர் கெட்ட மனுஷர் என்று இப்போது நான் சொல்லமாட்டேன். வந்தவர் எங்கள் வீட்டில் மூக்கைச் சுளித்தால் எங்களுக்குத்தான் அவமானம் என்று நினைத்திருப்பார். யார் மனமும் நோகக்கூடாது என்று பக்கத்துக்கு ஒரு பொய். அப்படிப்பட்ட நல்ல மனசுக்காரர்களிடம்தான் அப்பா காலமெல்லாம் மாட்டிக்கொண்டார்.

அப்பாவிடம் அம்மா நடந்ததைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நீ சும்மா சொல்ற. பந்தல்ல வச்சுக் கூப்ட்டிருப்ப, அவரால முடியாதுன்னு சொல்ல முடியல. வந்து பேஜாராப் போவாரு" என்றார். இருந்தாலும் விடிந்ததும் பினாயில் பாட்டிலைத் திறந்துவிட்டார். ஏர்கூலர் மறுபடி வந்தது. பாயே வந்து எங்கள் கொல்லையில் அடுப்பு மூட்டிப் பிரியாணி போட்டுக்கொடுத்தார். சீரகச் சம்பா அரிசி, விறகுத் தீ, மூடி மேல் தணல். கத்திரிக்காய் அம்மா செய்தது.

செய்தியாளர் சொன்னபடி பெட்டியோடு வந்தார். வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு தும்மல். அப்புறம் ஒன்று. அப்புறம் நிற்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே தும்மினார். அம்மா தண்ணீரோடு ஓடினாள். அப்பா சமையலறை வாசலில், குளித்த ஈரம் காயாமல், உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றார். ஆஸ்துமா உண்மைதானோ என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

அப்பாதான் கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

"ஐயா, வாசனை ஜாஸ்தியா இருக்குதுங்களா?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதெல்லாம் ஒன்றுமில்லை பிரதர். ஒன்றுமே தெரியவில்லையே. சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

"இருக்குண்ணே" என்றார் அவர். "தெருமுனையில திரும்பும்போதே நல்லா அடிச்சுது. ஆனா அது பழகிடும். என்னைத் தும்ம வைக்கிறது அது இல்ல. வீட்ல எவ்வளவு பினாயில் ஊத்தினீங்க?"

பாய்தான் முதலில் சிரித்தார், கொல்லையிலிருந்து. "நான் சொன்னேன் இல்ல! ஆஸ்பத்திரி மாதிரி பண்ணிட்டாருங்க இவரு!" அப்புறம் அம்மா. அப்புறம் நான். அப்பா கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். அப்பா வாய்விட்டுச் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. அதைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. வாசனை இருக்கிறது என்று ஒருவர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லி, சொன்ன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் முறை.

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டோம். பினாயில் வெளியே போனது, தெரு வாசனை உள்ளே வந்தது. அவர் அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிச் சாப்பிட்டார். இரண்டாவது தரமும் பிரியாணி கேட்டு வாங்கினார். சுண்ணாம்பில் எத்தனை நாள் ஊறும், முடி எப்படி உரியும், டிரம் எவ்வளவு நேரம் சுற்றும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா முதலில் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையாகச் சொன்னார். கை கழுவும்போது நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட பிறகு விருந்தாளி அந்தக் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கினார். குறட்டைச் சத்தம் கேட்க அம்மா கதவருகே வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் யாரோ ஆர்மோனியம் வாசிப்பதைக் கேட்கிறவள் போல இருந்தது.

சாயங்காலம் கடைசிக் கூட்டம். அது முடிந்ததும் அவரை ரயிலேற்றச் செயலாளர் காரோடு தயாராக நின்றார். ரயில் ஜோலார்பேட்டையில். பெட்டி எங்கள் வீட்டில். கார் வாசல்வரை வந்தது. செயலாளர் இறங்கி, முதல் தடவையாக எங்கள் படியில் கால் வைத்து, "ஐயா, டைம் ஆச்சு" என்றார்.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மத்தியானம் சிரித்த முகம் மறுபடி பழைய முகமாகிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் இருந்துவிட்டார், இதற்கு மேல் கேட்கக்கூடாது என்கிற முகம்.

செய்தியாளர் அந்தப் பெட்டியை அப்பா கையிலிருந்து வாங்கி, திரும்பவும் உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

"டிக்கெட்டை மாத்திக்கலாம் பிரதர்" என்றார் செயலாளரிடம். "மூணு நாளா இந்த வார்த்தையைப் பத்திப் பேசிட்டு, ஒரு ராத்திரியாவது தங்காமப் போனா எனக்கே வெக்கமா இருக்கும். நாளைக்குப் போறேன்." பிறகு, "உள்ள வாங்களேன், டீ சாப்பிடுங்க" என்று எங்கள் வீட்டு மனுஷர் மாதிரிக் கூப்பிட்டார். செயலாளருக்கு அன்று இப்பதான் குடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்து குடித்தார். அம்மா அவருக்கும் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டாள்.

திங்கட்கிழமை காலை அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட். எனக்குக் கம்பெனி பஸ் டேனரி கேட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். புறப்படும்போது விருந்தாளி லுங்கியோடு எழுந்து வந்து, "நானும் உங்ககூட வர்றேண்ணே" என்றார்.

"உள்ள விடமாட்டாங்கய்யா. தண்ணியும் சேறுமா இருக்கும்."

"கேட்டு வரைக்கும்."

மூன்று பேரும் நடந்தோம். அப்பா கையில் ரப்பர் பூட்ஸ் இருந்த பிளாஸ்டிக் பை. கேட்டில் ஆட்கள் டீக்கடையிலிருந்து பீடியை அணைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சபையில் கைகுலுக்கும்போது விரல் நுனியை மட்டும் நீட்டுகிற எங்கள் அப்பா, அங்கே, அத்தனை பேருக்கு நடுவில், விருந்தாளியின் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டார். போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தினார்.

"யாரு தெரியுமா? நம்ம வீட்டு விருந்தாளி. கிரேக்கம் சொல்லிக் குடுக்கிறவரு."

ஆட்கள் தலையை ஆட்டினார்கள், வணக்கம் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் சொன்னார். என் பஸ் வந்து ஹாரன் அடித்தது. எனக்கு ஏறவே மனம் வரவில்லை. படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதியது. ஒரு நாளும் சங்குக்குப் பிறகு வெளியே நின்றறியாத மனுஷர் அப்பா. வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தப்போய், அப்பாவுக்காகப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா நகரவில்லை. வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி எங்க வீட்லதான் தங்கினாரு. எங்க வீட்லதான் படுத்தாரு."